நெளிந்த கம்பிகள் விஷயமாக மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்களும் என் தங்கையும் நலம் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம், என் கிரில் பட்டறையைத் தவிர. அதற்குக் காரணம் நீங்கள் பக்கம் வடிவமைக்கும் பத்திரிகை என்பதை மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வதென்று தெரியாததால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

நான் விளம்பரத்துக்குக் கொடுத்த படத்தில், பின்தெரு மாடி வீட்டுக்கு நான் செய்து மாட்டிய பால்கனி கிரில் நெருக்கமான கம்பிகளோடு நிமிர்ந்து நின்றது. நீங்கள் அதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கியதும் கம்பியெல்லாம் திரைச்சீலை மாதிரி நெளிகிறது. புதுக் குடியிருப்பு முழுவதற்கும் கிரில் கேட்டிருந்த கட்டடக்காரர் போனில், "அண்ணே, நேர்க் கம்பி உங்களுக்கு வருமா? இதுக்கு ஒரு பதில் சொன்னாத்தான் மேற்கொண்டு பேசலாம்" என்றார். போனை வைத்த கையோடு, கல்லூரியில் படம், ஒலி என்று சிக்னல் சமாச்சாரம் படிக்கும் என் மகளிடம் உங்களை நாலு வார்த்தை சொன்னேன். மாமாமேல் தப்பில்லை, சின்னப் படத்தில் இடம் போதாமல் கணினி இடையிடையே சில புள்ளிகளை மட்டும் பொறுக்கியிருக்கிறது என்றாள். புரியவில்லை என்றதும் பட்டறைக்கு இழுத்துப் போய், கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிரில்லைச் சம தூரம் விட்டுவிட்டு விரலால் தொடச் சொன்னாள். கம்பி, கம்பி, கம்பி என்று வந்தது; பிறகு வெற்றிடம், வெற்றிடம், வெற்றிடம். அகலப் பட்டைகள் வைத்த கிரில் என்று சத்தியமே செய்திருப்பேன். ஒரு கம்பியும் அதன் இடைவெளியும் சேர்ந்த அகலத்துக்குள் இரண்டு தடவைக்கு மேல் தொட்டால்தான் உள்ளது தெரியுமாம். அவ்வளவு புள்ளிக்கு இடமில்லையென்றால் முதலில் படத்தை மங்கலாக்கி, அப்புறம் சுருக்க வேண்டுமாம். மங்கலாக்கினால் பொய் போகும் என்பது எவ்வளவு விசித்திரம் பாருங்கள். அன்றிலிருந்து எந்த கேட்டைக் கண்டாலும் கண்ணை மூடித் தொட்டுப் பார்க்கிறேன். "கம்பி எண்ணுறதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?" என்கிறாள் என் மனைவி.

ஆகவே அடுத்த இதழில் படத்தைப் பெரிதாக, ஒவ்வொரு கம்பியும் தெரியும்படி போட்டு என் மானத்தைக் காப்பாற்றவும். தங்கைக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கப் போகும் வழியில் ஆசை தாளாமல் அந்த வீட்டு மாடியேறிப் பால்கனி கிரில்லையும் தொட்டுப் பார்த்தேன். நடுவில் ஒரு கம்பி நிஜமாகவே வளைந்திருக்கிறது. பெரிய படத்தில் அது பளிச்சென்று தெரியும். கம்பியை நான் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறேன். கட்டடக்காரருக்கும் மகள் சொன்ன விளக்கத்தையே சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் பழைய சின்னப் படத்தையே போடுங்கள். எல்லாம் நெளிந்தால் எது நெளிந்தது என்று யார் கேட்கப்போகிறார்கள்?