பதினான்கு பேர் போன டாக்ஸி

மோயேபம்பா நகராட்சிக்கு மக்களின் உடல்நலத்தின் மீது திடீர் அக்கறை வந்தது, போன வருஷம் சோள அறுவடை முடிந்த கையோடுதான். செயலர் அந்தெசானா தலைநகரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், ஒரு சான்றிதழோடும் புதுக் கண்ணாடியோடும் திரும்பினார். மறுநாளே நகராட்சிச் சுவரில் நூற்றுப் பதினான்காம் ஆணை ஒட்டப்பட்டது. "சுகாதாரத்தையும் நாகரிகத்தையும் முன்னிட்டு, ஊர் எல்லைக்குள் எடுத்துச் செல்லப்படும் சிச்சா அனைத்தும், காற்றுப் புகாத மூடியிட்டு, கம்பி கட்டி, ஈய முத்திரை வைக்கப்பட்ட கலனிலேயே செல்லவேண்டியது."

சிச்சா எங்கள் பள்ளத்தாக்கின் சோளக்கள். குடிக்கிற நிமிஷம் வரைக்கும் பொங்கிக்கொண்டே இருக்கும். வாயில் துணியைக் கட்டுவோமே தவிர, யாரும் இறுக்கி மூடமாட்டோம். பல் முளைக்காத குழந்தைக்கும் இது தெரியும். அந்தெசானாவுக்கும் தெரியும், ஏனென்றால் அவர் பிறந்த வீட்டு வாசலிலேயே, இங்கே சிச்சா விற்கும் என்பதற்கு அடையாளமான வெள்ளைக்கொடி பறந்த காலம் உண்டு. ஆனால் பயிற்சிக்குப் போய்வந்தவர்கள் இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்வது வழக்கமில்லை.

நகராட்சி வாசலில் குடைக்குக் கீழே தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பவன் நான். பெயர் இலாரியோன். எழுதத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் மனு அடித்துக் கொடுப்பது தொழில். ஆணையை எதிர்த்து முதல் மனு என்னிடம்தான் வந்தது. கொண்டுவந்தவள் சதுர்னினா, ஊரிலேயே நல்ல சிச்சா காய்ச்சுகிறவள். அவள் புருஷன் கசியானோ டாக்ஸி ஓட்டுகிறவன். அவள் காய்ச்சுவாள், அவன் கொண்டுபோய்ச் சேர்ப்பான்.

மனுவை அந்தெசானா நின்றபடியே படித்தார்.

"லிசென்சியாதோ, அது உசுரோட இருக்கற சாமான். மூச்சு விடணும்," என்றாள் சதுர்னினா. பட்டம் வாங்கியவரை அப்படிக் கூப்பிடாவிட்டால் எங்கள் ஊரில் அவருக்குக் காது கேட்காது.

"மூச்சு விடறதுக்குத் தனியா விண்ணப்பம் குடும்மா. அது வேற செக்‌ஷன்."

"வெடிச்சுரும்யா!"

"வெடிக்காது. ஆணையில அப்படி எங்கயும் இல்ல."

அடுத்த வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. கசியானோ ஆணைப்படி முத்திரை வைத்த ஒரு நீல டிரம்மைப் பின்சீட்டில் ஏற்றிவந்து, சதுக்கத்தில், சுள்ளென்ற வெயிலில் வண்டியை நிறுத்தினான். எதிர் நடைபாதைக்குப் போய் ஒரு சால்தென்யா வாங்கினான். சுட்ட மாவுக்குள்ளே இருக்கும் குழம்பு சட்டையில் ஒழுகாமல் அந்தப் பண்டத்தைத் தின்பதற்குத் தனிக் கவனம் வேண்டும். அவன் தலையைச் சாய்த்து ஓரத்தைக் கடித்த நேரத்தில் வண்டி வெடித்தது.

கூரை பானைபோல உப்பியது. நாலு கண்ணாடியும் தூளாயின. ஒரு கதவு கோயில் படிக்கட்டில் போய் விழுந்தது. புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. ஒரு மனிதருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கசியானோ சால்தென்யாவைக் கீழே போடாமல் ஓடிவந்தான்.

ஐந்து நிமிஷத்தில் வெடிகுண்டு என்றார்கள். பத்து நிமிஷத்தில் இரண்டு குண்டு, ஒன்று இன்னும் வெடிக்கவில்லை என்றார்கள். கால் மணிக்குள் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது.

"பக்கத்து நாட்டு சிலிக்காரன் வேலைதான்," என்றார் மருந்துக்கடைக்காரர். "அந்தக் காலத்துலயே சண்டை போட்டு நம்ம நாட்டுக் கடலையே எடுத்துக்கிட்டவன். ஒரு டாக்ஸிய விட்டு வைப்பானா?"

"எதுக்குண்ணே நம்ம ஊருக்கு வந்து வைக்கணும்?" என்று கேட்டான் ஒருவன்.

"அதான் தந்திரம். யாரும் எதிர்பாக்க மாட்டாங்கள்ல!"

வானொலியில் ஒருவர், நேற்றே ஒரு அந்நியன் சதுக்கத்தில் ஆரஞ்சு சாறு குடித்ததாகவும், மீதிச் சில்லறையை வாங்காமல் போனதாகவும் சொன்னார். கேட்டவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. நூறடிக்கு அந்தப் பக்கம் வரை சிச்சா வாசனை தூக்கிக்கொண்டு அடித்தது. எல்லோரும் மூக்கை உறிஞ்சி, "வெடிமருந்து வாசனை," என்றார்கள். எந்நேரமும் போதையில் இருக்கும் கிழவன் ஒருவன் மட்டும் சக்கரத்தில் வழிந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "சதுர்னினா சரக்குடா, நல்ல பதம்," என்றான். தடயத்தை உட்கொண்ட குற்றத்துக்காக அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அந்தெசானா வந்து பார்த்தார். கம்பியும் ஈய முத்திரையும் அவர் காலடியிலேயே கிடந்தன. மனிதர் வெளுத்துப்போனதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வெடித்தது சிச்சா என்றால் வெடிக்கவைத்தது ஆணை. ஆணை என்றால் அவர். ஆகவே அது வெடிகுண்டு என்று மாலைக்குள் அறிக்கை வந்தது. அந்த அறிக்கையை அடித்தவனும் நான்தான். "கரிம இயல்புடைய மஞ்சள் நிறத் திரவ வெடிபொருள்" என்ற சொற்றொடர் என் சொந்தக் கற்பனை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சிச்சாவுக்கு வெடிக்கும் தன்மை அறவே கிடையாது என்று பின்குறிப்பில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

குண்டு என்றால் வைத்தவன் வேண்டும். வண்டி யாருடையது? கசியானோவுடையது. வெடித்தபோது அவன் உள்ளே இருந்தானா? இல்லை. அப்படியானால் முன்கூட்டியே தெரிந்துதான் இறங்கியிருக்கிறான். கையில் தின்பண்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்திருக்கிறான். அவனை உள்ளே வைத்தார்கள்.

திங்கள்கிழமை நகராட்சி, பாதிக்கப்பட்டோர் பதிவேட்டைத் திறந்தது. சதுக்கத்தில் இருந்தவர்களுக்குப் பச்சை அட்டை, வண்டிக்குள்ளேயே இருந்தவர்களுக்குச் சிவப்பு அட்டை. சிவப்பு அட்டை வைத்திருப்பவர் எந்த அரசாங்க அலுவலகத்திலும் வரிசையில் நிற்க வேண்டாம். எங்கள் நாட்டில் அடையாள அட்டை புதுப்பிக்க விடியலிலிருந்து நிற்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். சொர்க்கத்தையே எழுதிக் கொடுத்தாலும் அதற்கும் ஒரு வரிசை இருக்குமே என்று யோசிக்கிற ஜனம் நாங்கள்.

என் குடைக்குக் கீழே கூட்டம் அம்மியது.

"நான் பின்சீட்ல இருந்தேன்னு அடிங்க, தோன் இலாரியோன்," என்றார் மருந்துக்கடைக்காரர். பெரிய மனிதர்களுக்குப் போடும் "தோன்" அன்றுதான் என் பெயருக்கு முன்னால் வந்தது.

"கடை வாசல்ல நின்னு சிலிக்காரன திட்டிட்டு இருந்தீங்களே?"

"திட்டினது வெடிச்சப்புறம். அதுக்கு முன்னாடி உள்ள இருந்தேன்."

"காயம் ஒண்ணும் இல்லையே?"

"மனசுல."

பள்ளி வாத்தியார் வந்தார். கோயில் மணி அடிப்பவர் வந்தார். பதின்மூன்று பேருக்கு நான் வாக்குமூலம் அடித்தேன். டாக்ஸியில் நாலு பேர்தான் போகலாம் என்பது அப்புறம்தான் எனக்கே உறைத்தது. அந்தெசானாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

"மக்கள் பொய் சொல்ல மாட்டாங்க. வண்டியோட பதிவுலதான் தப்பு இருக்கு."

அன்று மாலையே கசியானோவின் டாக்ஸி, உப்பிய கூரையை ஆதாரமாகக் காட்டி, பதினான்கு இருக்கைகள் கொண்ட சிற்றுந்தாகத் திருத்தப்பட்டது. பதின்மூன்று போக ஒரு இருக்கை காலியாக இருந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்து முன்சீட். கோப்பில் ஓர் இடம் காலியாக இருப்பது அழகில்லை. இரண்டு தடவை யோசித்தேன் என்று சொன்னால் பொய். என் பெயரை நானே அடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சதுர்னினா அந்தெசானாவிடம் வந்தாள். நானும் கோப்போடு நின்றிருந்தேன்.

"வண்டிக்குள்ள இருந்தவங்க எல்லாம் பாதிக்கப்பட்டவங்கன்னா, வண்டியோட டிரைவர் பாதிக்கப்படலையா?"

"டிரைவரா?" அந்தெசானா கோப்பைப் புரட்டினார். "இது சிற்றுந்தும்மா. உன் புருஷன்கிட்ட இருக்கறது டாக்ஸி லைசென்ஸ். அவன் இத ஓட்டியிருக்க முடியாது."

"அப்ப யாரு ஓட்டுனா?"

"விசாரணை நடக்குது. அவன் பயணியா இருந்திருந்தா விட்டுரலாம். ஆனா பதினாலு இடமும் நிரம்பியாச்சு. யாராவது ஒருத்தர் எந்திரிச்சா பாக்கலாம்."

சதுர்னினா வீடு வீடாகப் போனாள். மருந்துக்கடைக்காரர் கண்ணீர் விட்டார், தலைவலி மாத்திரை ஒரு பட்டை சும்மா கொடுத்தார், இடத்தைக் கொடுக்கவில்லை. வாத்தியார், தான் எழுந்தால் மாணவர்களுக்குத் தவறான முன்னுதாரணம் ஆகிவிடும் என்றார். பதின்மூன்று பேரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் என் குடைக்குக் கீழே வந்து நின்றாள்.

"நீங்க ஒருத்தர் எந்திரிச்சாப் போதும். அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும். என் மனுவத்தான் ரெண்டாவது தடவையா அடிச்சிட்டு இருந்தீங்க. நான் உங்க எதிர்ல நின்னேன்."

"நாளைக்குப் பாக்கலாம் சதுர்னினா."

"நாளைக்குன்னா?"

நான் தட்டச்சு இயந்திரத்தின் மை நாடாவை மாற்றினேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடுதான் மறுநாள் ஓய்வூதிய அலுவலகத்தில் சிவப்பு அட்டையைக் காட்டினேன். எண்பது பேரைத் தாண்டிப் போய் ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்தேன். வெளியே வந்தபோது வெட்கம் கொஞ்சம் குறைந்திருந்தது.

கசியானோவை ஏழு மாதம் கழித்து விட்டார்கள். குண்டு வைத்த குற்றத்துக்குச் சாட்சி கிடைக்கவில்லை. உரிய உரிமம் இல்லாமல் சிற்றுந்து ஓட்டியதாக ஒப்புக்கொண்டால் இருந்த நாட்களே தண்டனை என்றார்கள். ஒப்புக்கொண்டான். அவன் வண்டியைச் சதுக்கத்தில் ஒரு மேடை கட்டி ஏற்றி, வெள்ளிச் சாயம் அடித்து நினைவுச்சின்னம் ஆக்கியிருந்தார்கள். வண்டி இல்லாதவன் சிற்றுந்து உரிமம் எடுத்தான். மச்சானின் சிற்றுந்தை வாங்கி ஓட்ட ஆரம்பித்தான். சதுர்னினா பழையபடி சிச்சா காய்ச்சினாள்.

போன வெள்ளிக்கிழமை முதலாண்டு நினைவு நாள். பதினான்கு பேரையும் ஒரு வாடகைச் சிற்றுந்தில் ஏற்றி, சதுக்கத்துக்குக் கொண்டுவருவது என்று நகராட்சியின் ஏற்பாடு. சரியாகப் பதினொன்று ஐந்துக்கு வாத்தியம் முழங்கும், அதுவரை ஒருவரும் இறங்கக்கூடாது, தியாகத்தை மக்கள் கண்ணாரக் காணவேண்டும். நிகழ்ச்சி நிரலை நான்தான் அடித்தேன். ஊரிலேயே குறைந்த வாடகை கேட்ட வண்டி கசியானோவுடையது.

எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். நான் பின்பக்கம் போகப் பார்த்தேன்.

"முன்னாடி வாங்க, தோன் இலாரியோன்," என்றான் கசியானோ. "அது உங்க இடம்தானே? கோப்புல பாத்தேன்."

உட்கார்ந்தேன். அந்தெசானாவும் ஏறி, கதவோரம் இருந்த மடக்கு நாற்காலியில் அமர்ந்தார். வண்டி சதுக்கத்தில், சுள்ளென்ற வெயிலில் போய் நின்றது. அப்போதுதான் என் சீட்டுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. உஸ்ஸ் என்று, மெதுவாக. திரும்பிப் பார்த்தேன். மேலே போட்டிருந்த சாக்கு நழுவி, அடியில் ஒரு நீல டிரம் தெரிந்தது.

"விருந்துக்கு சிச்சா," என்றான் கசியானோ. "சதுர்னினா நேத்து ராத்திரிதான் காய்ச்சி ஊத்துனா. நல்லாப் பொங்குது."

எல்லாத் தலைகளும் டிரம் பக்கம் திரும்பின.

"மூடி..." அந்தெசானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆணைப்படிதானே இருக்கு?"

"அட்சரம் பிசகாம. கம்பி, ஈய முத்திரை எல்லாம் பாருங்க லிசென்சியாதோ. மறுபடி உள்ள போக எனக்கு ஆசையா என்ன?"

"நல்லது," என்றார் அந்தெசானா.

"பசிக்குது. ஒரு சால்தென்யா சாப்பிட்டுட்டு வந்துடறேன்," என்று கசியானோ இறங்கிப் போனான்.

டிரம்மின் மூடி மெல்ல மேலே உப்புவது கண்ணுக்கே தெரிந்தது. மருந்துக்கடைக்காரர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். வாத்தியார் அந்தெசானாவைப் பார்த்தார். அந்தெசானா என்னைப் பார்த்தார். சிச்சாவுக்கு வெடிக்கும் தன்மை அறவே கிடையாது என்று அடித்தவன் நான், கையெழுத்திட்டவர் அவர், அதன் கீழே பாதிக்கப்பட்டோராகப் பெயர் கொடுத்தவர்கள் மற்ற பதின்மூன்று பேர். இப்போது எவன் முதலில் இறங்குகிறானோ அவன் போன வருஷம் வெடித்தது என்ன என்று ஒப்புக்கொண்டவன் ஆவான். சிவப்பு அட்டை போய்விடும்.

கதவு திறந்துதான் இருந்தது. ஒருவரும் அசையவில்லை. சட்டைப் பையில் இருந்த அட்டையை நான் வெளியிலிருந்து தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எதிர் நடைபாதையில் கசியானோ எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, இரண்டாவது சால்தென்யாவை வாங்கினான்.