ஊக்கு வைத்திருக்கும் வைஃபை வைத்தியர்

வீட்டுக்கு வீடு இண்டர்நெட் வந்த பிறகு நம் பக்கத்தில் ஒரு புது இனம் தலையெடுத்திருக்கிறது. அதற்குப் பட்டம் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, ஆனால் கைராசி உண்டு என்று அதுவே சொல்லிக்கொள்ளும். வைஃபை வைத்தியர் என்று இதற்குப் பெயர் வைக்கலாம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவசரப்பட்டு எதிர்வீட்டைப் பார்க்காதீர்கள். முழுவதும் படித்துவிட்டுப் பாருங்கள்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். நெட் வராத வீட்டுக்குள் நுழைகிற சாதாரண மனிதர் "என்ன ஆச்சு?" என்று கேட்பார். வைத்தியர் அப்படிக் கேட்கமாட்டார். "யாரு தொட்டீங்க?" என்றுதான் கேட்பார். அவ்வளவுதான். காலையில் ஒட்டடை அடித்த மருமகள் ஒட்டடைக் கம்பைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பாள். நேற்று அந்தப் பக்கமாக நடந்துபோன மாமனார் சுவரைப் பார்ப்பார். வியாதி என்ன என்று தெரிவதற்கு முன்பே குற்றவாளி கிடைத்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி அல்லவா?

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே நான்கு கிலோமீட்டர் போனால் மயில்சாமியின் கோழிப்பண்ணை வரும். வயது நாற்பத்தாறு, படிப்பு பத்தாவது, இனத்துக்கே இலக்கணம். கோழிக்கு வருகிற எல்லா நோயும் ரௌட்டருக்கும் வரும் என்பது அவருடைய சித்தாந்தம். நெட் மெதுவாக வந்தால் சூடு ஏறிவிட்டது என்பார், உடனே மேசை விசிறி வரும். விசிறிக்கும் கேட்கவில்லையென்றால் டப்பாவைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டலாமா என்று ஒரு யோசனை ஓடும். சித்திரை வெயிலில் எட்டாயிரம் கோழிகளை ஈரச்சாக்கு கட்டியே காப்பாற்றியவர் அவர், ஒரு டப்பாவைக் காப்பாற்ற முடியாதா?

முதல் மருந்து, ஆப் பண்ணி ஆன் பண்ணுவது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைக்காதீர்கள். ஆப் பண்ணியதற்கும் ஆன் பண்ணுவதற்கும் நடுவில் எவ்வளவு எண்ணுவது என்பதில்தான் வித்தை இருக்கிறது. நெட் மெதுவாக இருந்தால் முப்பது. அடியோடு இல்லையென்றால் அறுபது. சிவப்பு விளக்கு எரிந்தால் நூற்றெட்டு. எண்ணும்போது யாரும் பேசக்கூடாது. பேசினால் மறுபடி ஒன்றிலிருந்து.

இரண்டாவது மருந்து, சிக்னல் பார்ப்பது. போர் போடுவதற்கு முன்னால் தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து நீரோட்டம் பார்ப்பார்களே, அதே நடையில் செல்போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் போவார். ஓரிடத்தில் நிற்பார், ஒரு காலால் தரையைத் தட்டுவார், "இங்க ஓட்டம் இருக்குது" என்பார். பெரும்பாலும் அது சமையலறையில் மாவு ஆட்டும் கிரைண்டர் இருக்கும் மூலையாக இருக்கும். அந்த வீட்டுப் பையனோ பெண்ணோ ஆறு மாதத்துக்குக் கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

மூன்றாவது மருந்து இருக்கிறதே, அதுதான் பயங்கரம். ரௌட்டருக்குப் பின்னால் ஒரு பொடி ஓட்டை உண்டு. அதற்குள் ஊசி மாதிரி எதையாவது விட்டு அழுத்தினால் டப்பா பிறந்த குழந்தை மாதிரி எல்லாவற்றையும் மறந்துவிடும். மயில்சாமி அதற்கென்றே அரைஞாண் கயிற்றில் ஓர் ஊக்கு மாட்டியிருக்கிறார். வேட்டி முடிச்சைத் தளர்த்தி அவர் ஊக்கை எடுத்தார் என்றால் அந்த வீட்டில் நெட்டுக்குச் சகுனம் சரியில்லை. பக்கத்துக் காட்டுச் செங்கோடன் வீட்டு டப்பாவை அப்படிக் குத்தி, நான்கு நாள் நெட் இல்லாமல் போய், கடைசியில் நாமக்கல்லிலிருந்து ஆள் வந்த பிறகுதான் சரியானது. ஆனால் செங்கோடனைக் கேட்டுப் பாருங்கள். "மயில்சாமி வந்துதானுங்க கண்டுபுடிச்சாப்ல, டப்பாவே வீக்குன்னு" என்பார். நோயாளிகள் இப்படி இருந்தால் வைத்தியருக்கு என்ன குறைச்சல்?

ஒன்றுக்கும் கேட்கவில்லை என்றால் பழி வானத்துக்குப் போகும். "சேட்டிலைட்டு இப்ப ஈரோட்டுப் பக்கம் போயிருக்குதுங்க. திரும்பி வரோணுமல்லொ" என்பார், ராசிபுரம் டவுன் பஸ்ஸுக்குச் சொல்வதுபோல.

வானத்தைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை உண்டு. அந்தப் பக்கத்திலேயே முதன்முதலில் மாடியில் டிஷ் வைத்து வானத்திலிருந்து நெட் இறக்கியவர் அவர். செங்கோடன்கூட அவரைப் பார்த்து வைத்தவர்தான். தோட்டங்காட்டுக்குள் கேபிள் வராது. செல்போன் சிக்னல் தீவனக் கிடங்கின் கூரைமேல் ஏறினால் ஒரு கோடு காட்டும். தனக்காகவா அவர் டிஷ் வைத்தார்? தங்கை பிரவீனாவுக்காக. அவருக்குப் பதினெட்டு வருஷம் இளையவள், கால்நடை மருத்துவம் படித்து முடித்தவள். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். அவளைப் பற்றிச் சொல்லாமல் மயில்சாமி யாருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

டிஷ் வைத்த அன்று பார்க்க வந்த கூட்டத்தைக் கண்டு அவருக்கே பயம் வந்துவிட்டது. இத்தனை கண் பட்டால் நெட் என்னத்துக்கு ஆகும்? மறுநாளே சந்தையில் ஓர் ஆகாசக் கருடன் கிழங்கு வாங்கி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, டிஷ்ஷுக்கு நேர் மேலே கம்பி கட்டித் தொங்கவிட்டார். வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கட்டுவோமே, மண்ணும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம், காற்றைக் குடித்தே தளிர்விடும் கிழங்கு, அதுதான். கட்டிவிட்டு இறங்கியவர் அதற்குப் பிறகு மாடிக்குப் போகவே இல்லை. இந்த இனம் டப்பாவை விட்டு நகராது. டப்பா இருக்கும் அறையில்தான் எல்லா வியாதியும் இருக்கிறது என்பது அதன் நம்பிக்கை.

அடுத்து ஐப்பசி மழை பெய்தது. கார்த்திகை பிறந்ததிலிருந்து நெட் விட்டு விட்டு வந்தது. மயில்சாமி தினமும் எண்ணினார்.

இப்படி இருக்கையில்தான் பிரவீனாவுக்கு அந்த நேர்முகத் தேர்வு வந்தது. ஹைதராபாத்தில் கோழித் தடுப்பூசி செய்கிற கம்பெனி. திங்கட்கிழமை காலை பதினோரு மணி, வீடியோவில் மூன்று பேர் கேள்வி கேட்பார்கள். தவறினால் வேறு தேதி கிடையாது என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள்.

"நானு ராசிபுரத்துல சிநேகிதி ஊட்டுக்குப் போயி அங்கிருந்து பேசிக்கிறேனுங்ணா" என்று ஞாயிற்றுக்கிழமையே பிரவீனா சொன்னாள்.

மயில்சாமி முகம் சுருங்கிப்போனது. "நம்ம ஊட்டுல டிஷ்ஷை வெச்சுக்கிட்டு அடுத்தவங்க ஊட்டுக்குப் போறியா சாமி? நாலு பேரு கேட்டா நான் எங்க மூஞ்சிய வெச்சுக்கறது?"

அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தங்கை இருந்துவிட்டாள். தங்கைகள் செய்கிற தப்பு இது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நெட் போனது. பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று அடித்துவிட்டுச் சிவந்தது. பிரவீனா புடவையெல்லாம் கட்டி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மயில்சாமி நூற்றெட்டு எண்ணத் தொடங்கினார்.

ஐந்து தடவை எண்ணி முடித்தபோது மணி பத்து இருபத்தைந்து. நெட் வரும், இரண்டு நிமிஷம் இருக்கும், போய்விடும். அவருடைய மனைவி சௌந்திரம் துணி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகில் நின்றாள்.

"ஏனுங்க, மேல அந்தக் கொடி..."

"சித்த இரு புள்ள. எழுபத்திமூணுல இருக்கறேன்."

"இல்லீங்க, டிஷ்ஷு மேல..."

"பாத்தியா, எண்ணிக்கை போச்சு. ஒண்ணு, ரெண்டு..."

சௌந்திரத்துக்கு இந்த மனிதரோடு இருபது வருஷப் பழக்கம். வாளியோடு படியேறினாள்.

பத்தரைக்கு டிஷ் கம்பெனிக்குப் போன் போட வேண்டியதாயிற்று. வைத்தியருக்கு இது அவமானம்தான். இருந்தாலும் தீவனக் கிடங்கின் கூரைமேல் ஏறி, அந்த ஒரு கோடு சிக்னலில் போட்டார். முதலில் பேசியது பதிவு செய்த குரல். "ஏம்மா, நாஞ் சொல்றத முதல்ல கேளு" என்று அதனோடு மூன்று நிமிஷம் சண்டை போட்டார். பிறகு நிஜப் பெண் வந்தாள்.

"சார், டிஷ்ஷுக்கு மேலே மரம், செடி ஏதாவது மறைக்குதா? வானம் நல்லாத் திறந்து தெரியணும்."

"எங்கூர்ல வானத்தை மறைக்க என்னம்மா இருக்குது? பொட்டக்காடு. வானத்தைத் தவர ஒண்ணுமே இல்ல."

"ஒரு தடவை மேலே போய்ப் பார்த்துடுறீங்களா சார்?"

"நான் கட்டி வெச்ச டிஷ்ஷு எனக்குத் தெரியாதா? நீ சேட்டிலைட்டை இந்தப் பக்கமாத் திருப்பி உடு சாமி, அது போதும்."

போனை வைத்துவிட்டு வந்து மேலும் இரண்டு தடவை எண்ணினார். பத்து நாற்பத்தேழு. பிரவீனாவின் நெற்றிப் பொட்டு வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. மயில்சாமி தங்கையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். கை தானாக வேட்டி முடிச்சுக்குப் போனது.

"அண்ணா, அந்த ஊக்கை மட்டும் எடுக்காதீங்க."

"கடைசி மருந்து சாமி."

"அதுல குத்துனா மறுபடி எல்லாத்தையும் முதல்ல இருந்து ஏத்தோணும். பன்னண்டு மணி ஆயிரும். உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன்." அவள் இரண்டு கையையும் கூப்பிவிட்டாள்.

ஊக்கு ஓட்டைக்கு அரை விரல் தூரத்தில் நின்றது. ஒரு வைத்தியர் வாழ்நாளில் முதல்முறையாகக் கையை இழுத்துக்கொண்டார். இதை அவருக்கு வரவில் வைக்க வேண்டும். "சரி, இன்னொருக்கா எண்ணறேன்" என்று எட்டாவது தடவையாக சுவிட்சை அணைத்தார்.

அதே நேரம் மாடியில் சௌந்திரம் துணி உலர்த்தி முடித்திருந்தாள். டிஷ் இருந்த இடத்தில் டிஷ்ஷைக் காணோம். அதன்மேல் ஒரு பந்தல் இருந்தது. கட்டிய கிழங்கு காற்றையும் குடித்து, மழையையும் குடித்து, டிஷ்ஷைச் சுற்றி நாலு சுற்றுச் சுற்றி, இலை விட்டு, பூ விட்டு, கோவைக்காய் மாதிரி இரண்டு காயும் விட்டிருந்தது. ஆகாசத்திலிருந்து வருவதையெல்லாம் ஆகாசக் கருடனே குடித்துக்கொண்டிருந்தது. அவள் கீழே போய்ச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். எண்ணும் சத்தம் படிவழியாக ஏறி வந்தது. அறுபத்திரண்டு, அறுபத்திமூன்று. பண்ணையில் முருங்கை ஒடிக்க வைத்திருந்த அரிவாளை எடுத்துவந்து, அடிக்கொடியில் ஒரு இழுப்பு, பந்தலை ஒரு சுருட்டு. ஆட்டுக்கு ஆகுமா என்று முகர்ந்துபார்த்து, ஆகாது என்று ஓரமாக எறிந்தாள்.

கீழே நூற்றெட்டு முடிந்து சுவிட்ச் விழுந்தது. சிவப்பு, மினுக்கல், பச்சை. பச்சை நின்றது. பத்து ஐம்பத்தாறு. பிரவீனா புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். பதினோரு மணிக்கு மூன்று முகம் திரையில் வந்தது, நாற்பது நிமிஷம் படம் ஒரு தடவைகூட அறுபடவில்லை.

அந்த நாற்பது நிமிஷமும் மயில்சாமி கதவுக்கு வெளியே, தீவன லாரி ஆரன் அடிக்காதபடி கையைக் காட்டிக்கொண்டே நின்றார். தங்கை இங்கிலீஷில் பதில் சொல்வது கேட்டது. ஒரு வார்த்தை புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

வேலை கிடைத்தது. கிடைத்த அன்று சாயங்காலம் செங்கோடன் வந்திருந்தார்.

"எட்டாவது தடவைக்குத்தானுங்க புடிச்சுது" என்று மயில்சாமி விளக்கினார். "அல்லாரும் ஒண்ணு ரெண்டுல உட்டர்றாங்க. அங்கதான் தப்பு."

"நாந்தானுங்க அந்தக் கொடிய அறுத்து உட்டேன்" என்றாள் சௌந்திரம், டீயை வைத்துக்கொண்டே.

மயில்சாமி திடுக்கிட்டார். "திருஷ்டிக் கொடியையா அறுத்தே? நல்ல வேளை, எட்டு தடவை எண்ணுனேன். இல்லாட்டி என்ன ஆயிருக்கும்?"

செங்கோடன் தலையை ஆட்டி ஆமோதித்தார். வெள்ளிக்கிழமை மாடியில் புதிய கிழங்கு தொங்கியது. கண் அதிகம் பட்டுவிட்டதால் இந்தத் தடவை இரண்டு. சௌந்திரம் அரிவாளைப் பண்ணைக்குத் திருப்பிக் கொண்டுபோகாமல் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலேயே வைத்துவிட்டாள். பிரவீனா ஹைதராபாத்திலிருந்து தினமும் வீடியோவில் பேசுகிறாள். படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மயில்சாமிக்குக் கைராசி கூடியிருக்கிறது.

சரி, இப்போது எதிர்வீட்டைப் பாருங்கள். அவர்தானா? இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டிலும் நீங்கள் சுவிட்சைத் தட்டித்தான் நெட் வருகிறது என்றால், உங்கள் கைக்கு அது கட்டுப்படுகிறது என்று சொந்தக்காரர்கள் வேறு சொல்கிறார்கள் என்றால், இன்று ஒருமுறை மாடிக்குப் போய்வாருங்கள். தொட்டிக்குப் பின்னாலும் பாருங்கள். அங்கே அரிவாள் ஏதாவது இருந்தால், யார் வைத்தது என்று கேட்காதீர்கள். எடுக்கவும் வேண்டாம். சத்தமில்லாமல் இறங்கி வந்து, எப்போதும்போல எண்ணிக்கொண்டிருங்கள்.