வயலட் அக்கா போட்ட வட்டம்

புதுக்கோட்டையில் வயலட் அக்காவின் கைரேகை படாத ஜெராக்ஸ் காகிதம் ஒன்றுகூட இருக்க முடியாது. பெண்கள் விடுதியில் அவர் என் அறைத்தோழி. பகலில் ஜெராக்ஸ் கடை. காலையும் மாலையும் மொட்டை மாடியில், தோல் செதிலுக்குத் தேய்க்கும் வெட்பாலைத் தைலம். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தால், சில நாளில் அது அடர் ஊதாவாகிவிடும். அக்காவின் பத்து விரல்களும் அதே நிறம்தான். ரேஷன் கார்டு நகல் வாங்கிப்போன ஒருவர் திரும்பி வந்து, "ஏம்மா, எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். யாரைக் கேட்டுக் கைநாட்டு வச்ச?" என்று சண்டைக்கு நின்றார்.

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். உச்சந்தலை வறண்டு செதில் செதிலாக உதிரும். வெள்ளைக் கோட்டு அதை மறைத்து வந்தது. திடீரென்று அறந்தாங்கிக் கிளைக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். அங்கே கருநீலக் கோட்டு. போக முடியாது என்று சொல்ல ஐந்து காரணங்களை எழுதி வைத்தேன்.

அக்கா அதை வாங்கிப் படித்தார். "அஞ்சும் பொய்யி. இங்கிட்டு வா, தலையைக் காட்டு."

"எண்ணெய் தர்றீங்களாக்கா?"

"மொதல்ல தோல் டாக்டர்கிட்ட காட்டிட்டு வா."

டாக்டர் ஒரு ஷாம்பு எழுதித் தந்தார். தோலுக்கு ஒத்துக்கொண்டால் எண்ணெயும் தேய்க்கலாம் என்றார். அதன் பிறகும் எண்ணெய் வரவில்லை. என் முழங்கை மடிப்பில் பேனாவால் வட்டம் போட்டு, நடுவில் ஒரு சொட்டு வைத்தார் அக்கா. "நாளைக்குள்ள இது அரிச்சாலோ தடிச்சாலோ ஒனக்கு எண்ணெய் கெடையாது."

மறுநாள் ரத்தம் கொடுக்க வந்த பெரியவர் அதைப் பார்த்து மிரண்டுவிட்டார். "எங்கிட்டுக் குத்தணும்னு மறந்துபோகும்னா குறிச்சு வச்சிருக்கீங்க?"

வட்டம் தேறியது. இரண்டு வாரத்தில் செதிலும் குறைய ஆரம்பித்தது. அப்போது பார்த்து, தலையணை உறையெல்லாம் ஊதாவாகிறது என்று வார்டன் பாட்டில்களைப் பறித்துக்கொண்டார். எனக்கு அறந்தாங்கியே கைநழுவியது போலிருந்தது.

அக்கா கெஞ்சவில்லை. வார்டனின் மணிக்கட்டில், புது வாட்ச் பட்டையை ஒட்டிச் சிவந்திருந்த தடிப்பையே பார்த்தார். "இதுக்கு என்னங்க போடுறீங்க?"

வார்டன் நெளிந்தார். "ஒன் எண்ணெயைத்தான். சும்மா தடவிப் பாத்தேன்."

"வட்டம் போடாமயா? மொதல்ல அதைத் தொடைங்க. அந்தப் புது வாட்சைக் கழட்டுங்க. அப்பவும் அடங்கலைன்னா டாக்டர்கிட்ட போங்க."

வாட்ச் போனது. நாலாம் நாள் தடிப்பும் போனது. தலையணை உறையை அவரவரே கொண்டுவர வேண்டும் என்ற புதுச் சட்டத்தோடு பாட்டில்கள் மறுபடி மாடியேறின.

எனக்குச் செதில் முழுதாக நின்றுவிடவில்லை. கோட்டில் விழுவது நின்றது. அது போதுமானதாக இருந்தது. கருநீலக் கோட்டு மாட்டி ஒரு வருடமாகிறது.

அந்த ஐந்து பொய்க் காரணங்கள் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கின்றன. காகிதத்தின் ஓரத்தில் ஊதாவாக ஒரு கட்டைவிரல் பதிந்திருக்கிறது. எதற்காவது பயம் வரும் நாளில் அதன்மேல் என் விரலை வைத்துப் பார்ப்பேன். அக்காவுடையது கொஞ்சம் பெரிது.