கேக்கில் ஒரு கோடு குறைந்தது

உறுப்புக்குறிக்காரர் என்றொரு இனம் உண்டு. வளைவுக்கு நடுவே ஒரு கோடு போட்ட ∈ குறிதான் அவர்களுக்கு உயிர். கூடையிலிருக்கும் ஒற்றை மங்குஸ்தான் கூடைக்கு உறுப்பு, அதற்கு ∈. கூடையிலிருந்து நாலைந்தைச் சேர்த்து ஒரு கூட்டமாகச் சொன்னால் அது உட்கணம். அதற்கு நடுக்கோடில்லாத ⊂. இதை மாற்றிப் போட்டவன் அவர்களிடம் தப்பியதே கிடையாது.

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்துக் கணிதப் பேராசிரியர் சுமார்னா இந்த இனத்தில் முதல் தரம். பக்கத்து வீட்டுக்காரர் பாசத்தோடு, அந்த ஊர் 'ஐயா'வான 'பாக்' போட்டு, "பாக் சுமார்னா, நீங்க எங்க குடும்பம் மாதிரிங்க" என்றால், நன்றி சொல்வாரா? "உறுப்பாவா, உட்கணமாவா?" என்பார். போன வருஷம் மகள் நெந்தெனைப் பெண் கேட்டு வந்த வங்கி அதிகாரி, உறுப்பே இல்லாத வெற்றுக் கணமும் பூஜ்யமும் ஒன்றுதானே என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். பாவம், தேநீரைக்கூட முழுசாகக் குடிக்கவிடவில்லை.

இந்த முறை வந்தவன் கிலாங், காருட் ஊர்க் கணக்கு வாத்தியார், நெந்தெனே விரும்பிய பையன். "இவனையும் துரத்தினீங்கன்னா, அப்புறம் எனக்குக் கல்யாணமே வேணாம்ப்பா" என்று அவள் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தாள். காருட் தொதோல் மிட்டாய், பட்டுத்துணி, பழத்தட்டு எல்லாம் வந்து இறங்கின. கடைசியில் கேக். மாமனார் மனம் குளிரட்டும் என்று கிலாங் தன் கையாலேயே கிரீமில் எழுதியிருந்தான்: 'கிலாங் ⊂ சுமார்னா குடும்பம்'.

சுமார்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"தம்பி, நீ ஒரு ஆளா, கூட்டமா?"

கிலாங் கேக்கை எட்டிப் பார்த்தான். "ஒரே ஆளுதான் பாக். எழுதுற அவசரத்துல கோட்டை விட்டுட்டேன்."

"பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் விடுவியா?"

பையனோடு வந்திருந்த அவன் அம்மா ஒன்றும் புரியாமல், கொண்டு வந்த பழத்தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். சுமார்னாவின் நாக்கு நுனியில் 'போய்ட்டு வாங்க' வந்து நின்றது. மகளைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் தப்பு தப்புதானே?

நெந்தென் எழுந்தாள். கேக் ஓரத்துக் கிரீமை விரலால் வழித்து, அந்த வளைவின் நடுவே ஒரே இழுப்பாகக் கோட்டை இழுத்தாள்.

"இப்ப சொல்லுங்கப்பா."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "சரி."

"எதுங்க சரி?" என்றாள் மனைவி எயிஸ். "குறியா, மாப்பிள்ளையா?"

"ரெண்டும்தான்" என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அழுக்காகவே இல்லை. பிறகு தமக்குத் தாமே, "கோடு கொஞ்சம் குட்டை" என்றார்.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் சுமார்னா குடும்பத்தில் யார் யார் அடக்கம் என்று இந்தக் கதைசொல்லி கடைசிவரை வரையறுக்கவே இல்லையே என இதற்குள் ஒரு தடவை முணுமுணுத்திருந்தால், உங்கள் வீட்டுக்கு ஏன் யாரும் கேக் கொண்டுவருவதில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள்.