கேசட்டுக்குள் விழுந்த கோல்

"ரெண்டும் ஒரே பெட்டியில இருக்கு பாருங்க மேடம். இந்த வாயில பழைய கேசட்டைப் போடுங்க, அந்த வாயில டிவிடியைப் போடுங்க, இந்த பட்டனை அமுக்குங்க. காப்பி ஆகி முடிஞ்சதும் அதுவே நின்னுடும்!"

டை கட்டிய விற்பனையாளன் சொல்லி முடிப்பதற்குள் மனைவி கைப்பையைத் திறந்துவிட்டாள்.

"வேண்டாம்!" என்றார் கண்ணாடிக்காரர். கடையில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். "இது தெளிவா? இல்ல, இது தெளிவா?" என்று இருபது வருடங்களாக ஊரையே கேட்டுக்கொண்டிருப்பவர். இன்றைக்கு அவருக்கே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

"ஏன் வேண்டாம்?"

"ஒரே பெட்டியில ரெண்டு மெஷினா? ஒண்ணு கெட்டா இன்னொண்ணும் போயிடும்மா."

"உங்க கடையில ஒரே ஃபிரேம்லதானே ரெண்டு கண்ணாடியும் போட்டு விக்கிறீங்க?"

டைக்காரன் இருமுவது போலச் சிரித்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய இருபதாவது திருமண நாள். அதற்குள் கல்யாணக் கேசட்டை டிவிடியில் ஏற்ற வேண்டும் என்பது மனைவியின் ஒரே ஆசை. காரணம் இருந்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு முடிந்ததும் மாமனார் மைக்கைப் பிடித்து இரண்டு நிமிடம் பேசியிருந்தார். மாமனார் இப்போது இல்லை. அவர் குரல் மிச்சமிருப்பது அந்தக் கேசட்டில்தான்.

மிச்சமிருக்கிறது என்று மனைவி நம்பிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான இரண்டாவது வருடம். டிவியில் ஃபுட்பால் இறுதிப் போட்டி, பெனால்டி கிக்கில் வந்து நின்றது. பரபரப்பில் கண்ணாடிக்காரர் அலமாரியில் கைக்கு அகப்பட்ட கேசட்டை வீடியோ டெக்கில் திணித்து ரெக்கார்ட் பட்டனை அமுக்கினார். பதினோரு நிமிடம். நிறுத்திவிட்டு ஓடவிட்டால், திரையில் மாமனார் பந்தியில் சிரித்துச் சிரித்துப் பரிமாறிக்கொண்டிருந்தார்! பந்திக்கு முன்னால்தானே அவர் மைக்கைப் பிடித்துப் பேசினார்? பதறிப் போய்க் கேசட்டை உருவினார். வெள்ளை லேபிளில் ஸ்டுடியோக்காரரின் கோணல் எழுத்து: 'கல்யாணம்'. அந்தக் குடும்பத்தில் யார் கல்யாணத்தைப் படம் பிடித்தாலும் அவர் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் எழுத மாட்டார்.

கேசட்டை இருந்த இடத்திலேயே செருகினார். மறுநாளே டெக்கின் உள்ளே இருந்த ரப்பர் பெல்ட்டைக் கழற்றினார். "டெக் செத்துப்போச்சு" என்று அறிவித்தார். பதினெட்டு வருடமாக அந்த டெக்கின் மேல் பூச்சாடி இருக்கிறது.

இப்போது இந்த டைக்காரன் ஒரு பட்டனில் குட்டை உடைக்கப் பார்க்கிறான்.

"எனக்கு உள்ளுக்குள்ள ஹார்ட் டிஸ்க் இருக்கற ரெக்கார்டர்தான் வேணும். வேண்டாததை வெட்டி எறியலாமே?"

"தாராளமா வெட்டலாம் சார்."

கண்ணாடிக்காரருக்கு உயிர் வந்தது. பதினோரு நிமிடத்தைக் கத்தரித்துவிட்டு, அந்த இடத்தில் டேப் வீணாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

"நம்ம கல்யாணத்துல வெட்டி எறியறதுக்கு என்னங்க இருக்கு?" என்றாள் மனைவி.

"உங்க சித்தப்பா அரை மணி நேரம் பல் குத்துறது போதாதா?"

மனைவி சிரித்துவிட்டாள். ஆனால் டைக்காரனிடம் கேள்வி இருந்தது.

"இதுல கேசட் போட முடியாது சார். வீட்டுல இருக்கற டெக்கை இணைக்கணும். டெக் ஓடுதா?"

"அது செத்து பதினெட்டு வருஷம் ஆச்சு தம்பி" என்றாள் மனைவி.

"நான் ஓட வைக்கிறேன்!" என்றார் கண்ணாடிக்காரர்.

ஹார்ட் டிஸ்க் ரெக்கார்டரே வீட்டுக்கு வந்தது. அன்று மாலையே பழைய கண்ணாடிக் கூடு ஒன்றில் பத்திரமாக ஒளித்து வைத்திருந்த பெல்ட்டை எடுத்து மாட்டினார். டெக் 'கிர்ர்' என்று உயிர் பெற்றது. பின்னாலேயே மனைவியின் குரல்.

"அட! அஞ்சே நிமிஷத்துல ஓடுது! இதுக்கா பதினெட்டு வருஷம்? இருங்க, கேசட்டை எடுத்துட்டு வரேன். இப்பவே பார்க்கலாம்."

"ஐயையோ, கூடாது! இத்தனை வருஷமா மூடிக் கிடந்த கேசட். உள்ள பூஞ்சை பிடிச்சிருக்கும்."

"பூஞ்சையா?" மனைவியின் முகம் சுருங்கியது. "அப்பா குரல் போயிருக்குமா?"

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

அவள் விடுவாளா? மறுநாள் அவர் கடையில் யாரோ ஒருவருக்குக் கண் பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஏங்க, கேசட்டை அந்த டைத்தம்பிகிட்டயே கொண்டு போனேன். சுத்தம் பண்ணிக் குடுத்துட்டான். பூஞ்சையே இல்லையாம்! ஆனா பழைய டெக்ல போட்டா டேப்பைத் தின்னுடும், ரிஸ்க் எடுக்காதீங்கன்னான். அதனால நீங்க வாங்கின மெஷினைத் திருப்பிக் குடுத்துட்டு, அந்த ஒரே பெட்டி இருக்கே, அதையே வாங்கிட்டேன்."

"என்னது?"

"ஞாயித்துக்கிழமை அண்ணனையும் அண்ணியையும் வரச் சொல்லியிருக்கேன். அவங்களும் அப்பா குரலைக் கேட்கட்டுமே."

எதிரே உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர், "சார், எனக்கு ஒண்ணுமே தெரியலை" என்றார். லென்ஸுக்குப் பதில் போன் பில் அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சானும் அவர் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். மச்சான் வாய் திறந்து பேசுவது அபூர்வம். கல்லூரியில் பெரிய கோல்கீப்பராம். ஆனால் எந்த வீட்டு டிவியில் பந்து உருண்டாலும் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். கண்ணாடிக்காரருக்கு அது ஒரு புரியாத புதிர். மச்சானின் மனைவியோ போகும் வீட்டிலெல்லாம் ரிமோட்டைத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். அன்றும் அப்படியே.

டிவிடி ஒரு வாயில், கேசட் மறு வாயில். மனைவி பட்டனை அமுக்கினாள்.

திரையில் இருபது வருடத்துக்கு முந்தைய கண்ணாடிக்காரர் தலை நிறைய முடியோடு வந்தார். கார் கதவு திறந்தது. சித்தப்பா பல் குத்தினார். பதிவேடு வந்தது. மணமகள் கையெழுத்துப் போட்டாள். மணமகன் பேனாவை வாங்கினார்.

கண்ணாடிக்காரர் பாய்ந்துபோய் டிவியை மறைத்துக்கொண்டு நின்றார்.

"தள்ளுங்க! அப்பா பேசப் போறார்!"

"பேச மாட்டார்" என்றார். குரல் உடைந்தது. "இதுக்கு மேல பெனால்டி கிக்தான் வரும். ரெண்டாவது வருஷம் நான்தான் தெரியாம இதுல மேட்ச்சைப் பதிஞ்சுட்டேன். டெக் சாகலை. பெல்ட்டைக் கழட்டினதும் நான்தான். உங்க அப்பா குரலை நான் அழிச்சுட்டேன்மா. என்னை மன்னிச்சுடு."

மனைவியின் கண்கள் நிறைந்தன. அதைப் பார்ப்பதற்குப் பதில் நாலு அடி வாங்கியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ கனைத்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். மைக் வேலை செய்யுதா? என் பொண்ணுக்கு அவசரம் ஜாஸ்தி, மாப்பிள்ளைக்குப் பயம் ஜாஸ்தி. ரெண்டு பேரும் சேர்ந்தா எல்லாம் சரியாயிடும்..."

கண்ணாடிக்காரர் மெல்லத் திரும்பினார். மாமனார்! முழுசாக, குரலோடு, சிரிப்போடு.

மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். பேச்சு முடிந்தது; பந்தி வந்தது; பந்து மட்டும் வரவில்லை.

"மேட்ச் எங்கங்க?" என்றாள், மூக்கைத் துடைத்தபடி.

"இருந்துச்சும்மா! பதினோரு நிமிஷம்! என் கையாலதான் பதிஞ்சேன். 'கல்யாணம்'னு லேபிள்கூட இருந்துச்சு. மாமா பரிமாறிட்டு இருந்தாரு..."

"அப்பா எல்லாக் கல்யாணத்துலயும்தான் பரிமாறுவார்." மனைவியின் நெற்றி சுருங்கியது. "ரெண்டாவது வருஷமா? அண்ணி, அப்பத்தானே உங்க கல்யாணக் கேசட்டைப் பார்த்துட்டுத் தரேன்னு வாங்கிட்டு வந்து, டெக் செத்துப்போச்சுன்னு பார்க்காமலே திருப்பிக் குடுத்தேன்?"

அண்ணியின் கையிலிருந்த டீ கோப்பை பாதி வழியில் நின்றது. அவள் தலை மட்டும் மிக மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பியது.

வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மச்சான் எழுந்தார். தன் மனைவியின் மடியிலிருந்து ரிமோட்டை எடுத்தார். டிவிக்கு நேர் எதிரே இருந்த சோபாவில் காலை நீட்டிச் சாய்ந்தார்.

"பதினெட்டு வருஷமா நான் பதியலை, நான் பதியலைன்னு தலையில அடிச்சுக்கிட்டேனே... சரி, ஃபுட்பால் எந்த சேனல்ல வருது?"