கழுகுப் பாறை ரிகானி

இந்த வருஷமும் கழுகுப் பாறைக்கு ஏறுவது என்று மாந்தோஸ் முடிவெடுத்தபோது, தன் வலது முழங்காலோடு அவர் கலந்து பேசவில்லை. முதல் தப்பு அதுதான்.

முடிவை மனைவி எவாந்தியாவிடம் காலைக் காப்பியோடு அறிவித்தார்.

"நாளைக்கு விடியும்போது மலைக்குக் கிளம்பறேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? ரிகானி பூத்தாச்சு. இருபதாம் தேதி எலியாஸ் திருவிழா. கொப்பரையிலே யாரோட ரிகானி விழணும்? தபால்காரனோடதா?"

"தபால்காரனுக்கு முட்டி நல்லா இருக்கு."

"என் முட்டிக்கு என்ன?"

"எனக்கென்ன தெரியும்? நேத்து சர்ச்சுலே மண்டி போட்டே. எழுந்திருக்கறதுக்குள்ளே பாதிரியார் ரெண்டு தடவை ஆமென் சொல்லிட்டார்."

"அது பக்தி" என்றார் மாந்தோஸ்.

ரிகானியைக் கடைப் பொட்டலத்தில் ஓரிகானோ என்று எழுதி விற்பார்கள். அந்தப் பொட்டலத்தைப் பற்றி மாந்தோஸிடம் பேசக் கூடாது. பேசினால் அரை மணி நேரம் போய்விடும். ஊருக்கு மேலே நிற்கும் தைகெடோஸ் மலையில், ஆடுகூட யோசித்துக் கால் வைக்கும் இடத்தில், கல்லிடுக்கில் வெயிலையும் காற்றையும் மட்டும் தின்று வளர்வதுதான் அவர் கணக்கில் ரிகானி. மற்றதெல்லாம் வைக்கோல்.

எலியாஸ் தீர்க்கதரிசியின் திருவிழாவுக்கு ஊரில் பதினோரு ஆடு வேகும். ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை, உப்பு, கடைசியில் ரிகானி. ஆளுக்கு ஒரு கட்டு கொண்டு வருவார்கள். கொப்பரைக்காரர் லிகூர்கோஸ் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கட்டிலும் ஒரு சிட்டிகை எடுத்து, உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து, ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். தேர்வானவர் ஊரே பார்க்கக் கொப்பரைப் பக்கத்தில் நின்று தன் கையாலேயே ரிகானியை உதிர்த்துப் போடுவார். முதல் துண்டும் அவருக்குத்தான். விதி இரண்டே இரண்டு. மலையில் விளைந்ததாக இருக்க வேண்டும். கொண்டுவந்தவர் கையாலேயே வெட்டியிருக்க வேண்டும்.

மாந்தோஸ் அங்கே இருபத்திரண்டு முறை நின்றிருக்கிறார். தொடர்ந்து இருபத்திரண்டு. ஒன்பதாவது முறை மழை. பதினான்காவது முறை ரிகானி வாசனை ஏறி, திருவிழாவுக்கு வந்திருந்த மறைமாவட்ட ஆயர் ஏழு தும்மல் தும்மினார். அந்த ஏழையும் மாந்தோஸ் தனக்குக் கிடைத்த ஏழு பதக்கமாகவே வைத்திருந்தார். கழுகுப் பாறை எங்கே இருக்கிறது என்று இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. எவாந்தியாவுக்கும் சொன்னதில்லை.

மறுநாள் விடியலில் கூடையும் அரிவாளுமாகக் கிளம்பினார். ஊர் எல்லைக் கல் வரை கம்பீரமாக நடந்தார். அதற்கப்புறம் ஏற்றம். முதல் அறுபது அடி வரைக்கும் முழங்கால் முனகியது. எழுபதாவது அடியில் கத்தியது. எண்பதாவது அடியில் மாந்தோஸே கத்தினார். கழுகுப் பாறைக்கு இன்னும் இரண்டரை மணி நேர ஏற்றம் பாக்கி.

ஒரு கல்லில் உட்கார்ந்தார். கீழே பார்த்தார். கிணற்றடிக்கு மேலே, வேலி போட்ட கல் மேட்டில், எவாந்தியாவின் மூலிகைத் தோட்டம் தெரிந்தது. தொண்டைக்கு சேஜ், வயிற்றுக்குக் கசப்புப் பூண்டு, சளிக்கு மலைத் தேயிலை, பல்வலிக்கும் சாலட்டுக்கும் பொதுவாக ரிகானி. வெள்ளைப் பூ பூத்து அசைந்துகொண்டிருந்தது.

மாந்தோஸ் அதைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது.

காரியத்தில் ஒழுங்கு வேண்டும் என்பது அவர் கொள்கை, திருட்டானாலும். ஒன்பது மணி வரை காத்திருந்தார். பனி ஈரத்தோடு வெட்டினால் ரிகானி கறுத்துப்போகும். தோட்டத்தில் புதர் நாற்பது. புதருக்கு நாலு காம்பு, அதுவும் உள்பக்கமாக. ஆக நூற்று அறுபது காம்பு. இருபது காம்புக்கு ஒரு கட்டு என்று, மலையிலிருந்து வருஷா வருஷம் கொண்டுவரும் அதே எட்டுக் கட்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு இலைகூடக் குறையாது. பிறகு பாழடைந்த ஆட்டுக் கொட்டகையில் மதியம் வரை தூங்கினார். கிளம்பும்போது வியர்வைக்காகச் சட்டையில் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் தெளித்துக்கொண்டார். முட்டி கெஞ்சியதால், சட்டைப் பையில் ஒளித்து வைத்திருந்த சிவப்புத் தைலத்தையும் நன்றாகத் தேய்த்துக்கொண்டார். மஞ்சள் பூவை ஆலிவ் எண்ணெயில் போட்டு நாற்பது நாள் வெயிலில் வைத்து எவாந்தியா காய்ச்சாமல் காய்ச்சும் தைலம் அது.

எவாந்தியா வாசலிலேயே நின்றாள்.

"ஏறிட்டு வந்துட்டியா?"

"பின்னே? அங்கே காத்து பாரு, தொப்பியைப் பிடிச்சா தலை போகுது, தலையைப் பிடிச்சா தொப்பி போகுது. ஒரு கழுகு பக்கத்துல வந்து உக்காந்துச்சு."

"என்ன சொல்லுச்சு?"

"கழுகு பேசுமாடி?"

"நீ அவ்வளவு நேரம் பேசறப்ப அதுக்கு எங்கே இடம் கிடைச்சிருக்கும்? ஆமா, பேன்ட்டுல என்ன சிவப்பா?"

"ரத்தம். முள்ளு கிழிச்சுது."

எவாந்தியா குனிந்து முகர்ந்தாள். "நல்ல ரத்தம். ஆலிவ் எண்ணெய் வாசனை அடிக்குது."

"நம்ம வீட்டுச் சாப்பாடு அப்படி" என்று மாந்தோஸ் வேகமாகச் சொல்லிவிட்டு, எட்டுக் கட்டையும் நிழலான அறையில் தலைகீழாகத் தொங்கவிடப் போய்விட்டார்.

மறுநாள் காலை எவாந்தியா தோட்டத்திலிருந்து வந்தாள்.

"மாந்தோஸ், தோட்டத்துல ஆடு பூந்திருக்கு."

அவர் வாயிலிருந்த ரொட்டி அங்கேயே நின்றது. "ஆடா?"

"ரொம்பப் படிச்ச ஆடு. புதருக்கு நாலு காம்பு. நாற்பது புதருக்கும் நாலே நாலு. அஞ்சாவது காம்பைத் தொடக்கூட இல்லே."

"இப்ப ஆடுங்கள்லாம் ரொம்ப... அளவாத்தான் சாப்பிடுது."

"ஆமா. வேலிக் கதவைத் தொறந்து, திரும்ப மூடிட்டும் போயிருக்கு. நல்ல குடும்பத்து ஆடு."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அன்றே கீழூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு இரண்டு நாள் போய்வருவதாகக் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தப்பித்தோம் என்று மாந்தோஸ் மூச்சுவிட்டார். அந்த இரண்டு நாளும் பட்டை, கிராம்பு, மசாலா மிளகு மூன்றும் போட்டு அவள் வைத்துவிட்டுப் போன சேவல் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே, இருபத்து மூன்றாவது முறை கொப்பரைப் பக்கம் நிற்கும்போது எந்தக் கையை முன்னால் நீட்டுவது என்று பழகிப் பார்த்தார்.

திருவிழா நாளும் வந்தது. மேட்டில் இருக்கும் எலியாஸ் கோயில் வாசலில் புகை. கொப்பரைகளில் ஆட்டுக்கறி கொதித்தது. மேசையில் வரிசையாகப் பதினைந்து கட்டுகள். மாந்தோஸ் எண்ணினார். போன வருஷம் பதினாலு. ஒன்று கூடியிருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லிகூர்கோஸ் கண்ணை மூடினார். கசக்கினார், முகர்ந்தார், தள்ளினார். பக்கத்து வீட்டு ப்ரோகோபிஸின் கட்டு ஆறாவதாகப் போனது. பாவம், அவனும் எட்டு வருஷமாக முயன்றுகொண்டிருக்கிறான். கடைசியில் இரண்டு கட்டுகள் மிஞ்சின. லிகூர்கோஸ் இதை முகர்ந்தார், அதை முகர்ந்தார், மறுபடி இதை முகர்ந்தார். கண்ணைத் திறந்தார்.

"முப்பது வருஷத்துல இப்படி வந்ததில்லே. ரெண்டும் ஒண்ணு. ஒரே மலை, ஒரே பாறை, ஒரே வெயில். இது யாரோடது?"

"என்னுது" என்றார் மாந்தோஸ். மார்பு தானாகவே முன்னால் வந்தது.

"இது?"

"என்னுது" என்றாள் எவாந்தியா.

கூட்டம் திரும்பியது. மாந்தோஸின் மார்பு வந்த வழியே திரும்பிப் போனது.

"பொம்பளையா?" என்றான் ப்ரோகோபிஸ். "அத்தை, இது ஆம்பளைங்க சமாச்சாரம்."

"அப்படி விதி இருக்கா?"

லிகூர்கோஸ் தலையைச் சொறிந்தார். "விதி ரெண்டுதான். மலையிலே விளைஞ்சிருக்கணும். சொந்தக் கையாலே வெட்டியிருக்கணும்."

"என் கையாலேதான் வெட்டினேன்" என்றாள் எவாந்தியா.

"மலையிலேயா? அத்தைக்குத் தோட்டம் இருக்குன்னு ஊருக்கே தெரியும்" என்றான் ப்ரோகோபிஸ்.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. ரிகானியைப் பத்தி இந்த ஊர்லே ஒரே ஒரு மூக்குக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரரை முகர்ந்து பாக்கச் சொல்லுங்க. அவர் தோட்டம்னு சொன்னா நான் எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

ஊர் முழுக்க மாந்தோஸையே பார்த்தது. அவர் எவாந்தியாவின் கட்டைக் கையில் எடுத்தார். கசக்கினார். முகர்ந்தார்.

அச்சு அசல் அவருடையதே.

அந்த ஒரு மூச்சுக்குள் அவர் மனசு போட்ட கணக்கு இது. என் கட்டு தோட்டத்து ரிகானி. இதுவும் அதே வாசனை. அப்படியானால் இவளும் தோட்டத்தில்தான் வெட்டியிருக்கிறாள். இது தோட்டம் என்று நான் சொன்னால், ரெண்டும் ஒண்ணு என்று லிகூர்கோஸ் ஏற்கெனவே ஊர் முன்னால் சொல்லிவிட்டாரே. ப்ரோகோபிஸ் சும்மா விடுவானா? இருபத்திரண்டு வருஷமும், ஆயரின் ஏழு தும்மலும் சேர்ந்து கொப்பரை அடியில் சாம்பலாகிவிடும்.

மாந்தோஸ் நிமிர்ந்தார்.

"கழுகுப் பாறை" என்றார். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. "சந்தேகமே இல்லே. தெக்குப் பக்கம். உச்சி வெயில் படற இடம். தோட்டத்துல இந்த வாசனை ஏழு ஜென்மத்துக்கும் வராது."

"சத்தியமா?" என்றான் ப்ரோகோபிஸ்.

"எலியாஸ் தீர்க்கதரிசி மேல சத்தியம்."

சொல்லிவிட்டுக் கோயில் கூரையை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். இடி ஒன்றும் விழவில்லை.

"முடிஞ்சுது" என்றார் லிகூர்கோஸ். "ரெண்டும் சமம். இப்ப யார் போடறது?"

"வழக்கம்போல..." என்று மாந்தோஸ் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"மாந்தோஸ், நீ எத்தனை தடவை போட்டிருக்கே?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. "இருபத்திரண்டு! தொடர்ந்து!"

"அவ?"

மாந்தோஸ் முன்னால் வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"நீ வா எவாந்தியா" என்றார் லிகூர்கோஸ்.

எவாந்தியா கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டாள். கொப்பரைப் பக்கத்தில் நின்றாள். அவள் இடது கையை முன்னால் நீட்டவில்லை, வலது கையையும் நீட்டவில்லை. இரண்டு கையாலும் கட்டைப் பிடித்து, பாத்திரம் தேய்க்கிற மாதிரி ஒரே தேய்ப்பாகத் தேய்த்தாள். பச்சைத் தூள் மழையாக விழுந்தது. ஆவி எழுந்து வாசனையோடு கூட்டத்தின் மேல் பரவியது. பாதிரியார் தும்மினார். இரண்டு, மூன்று, எட்டு. மாந்தோஸ் எண்ணிவிட்டார். எட்டு! ஆயரைவிட ஒன்று அதிகம். அவரையும் மீறி, பக்கத்திலிருந்தவர் விலாவில் இடித்து, "என் பெண்டாட்டி" என்றார்.

முதல் துண்டை வாங்கிக்கொண்டு அவள் வந்து உட்கார்ந்ததும், மாந்தோஸ் அவள் காதோரம் குனிந்தார்.

"உன்னைக் காப்பாத்திட்டேன் பாத்தியா? நான் மட்டும் வாயைத் தொறந்திருந்தா உன் கதி என்ன?"

"எதுலேருந்து காப்பாத்தினே?"

"அடியே, நமக்குள்ளே என்ன? ரெண்டு கட்டும் உன் தோட்டந்தானே."

"உன்னுது தோட்டம்." எவாந்தியா கறியை மென்றாள். "என்னுது கழுகுப் பாறை. தங்கச்சியும் நானும் ஏறிப் போயி வெட்டினோம். அவ வீட்டுலேயே காயவெச்சேன்."

"கழுகுப் பாறையா! வழி எப்படித் தெரியும்?"

"இருபத்திரண்டு வருஷமா தூக்கத்துல வழி சொல்றே. கூடாரம் மாதிரி விரிஞ்சிருக்கிற காட்டுப் பேரி மரத்துல இடது பக்கம், அப்புறம் உடைஞ்ச பாறையிலே வலது பக்கம். ஒரு நாள்கூட மாத்திச் சொன்னதில்லே."

"உன்னால ஏற முடிஞ்சுதா? அறுபத்தி நாலு வயசுல?"

"நான் தினம் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறேன். நீதான் வலியே இல்லேன்னு திருடித் தேய்க்கிறே."

மாந்தோஸ் கோயில் கூரையை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். அப்படியென்றால் சத்தியம் செய்தது உண்மைக்குத்தான். அந்த மட்டும் நிம்மதி. ஆனால் மனசு ஒப்பவில்லை.

"ரெண்டும் எப்படி ஒரே வாசனை வரும்? தோட்டத்துது தண்ணி குடிச்ச செடியாச்சே."

"யார் தண்ணி ஊத்தினா? ஆறு வருஷம் முன்னாடி நீ மலையிலேருந்து வேரோட பிடுங்கிக்கிட்டு வந்து தூக்கிப் போட்டியே ரெண்டு செடி, அதைக் கல்லுக்கு நடுவுல நட்டேன். ஒரு சொட்டுத் தண்ணி காட்டலே, ஆனாலும் நாற்பது புதரா பெருகிடுச்சு. அதுக்கும் தான் மலையிலே இருக்கிறதா நெனப்பு. வீட்டுக்குப் பின்னாடியே கழுகுப் பாறை இருக்கறப்ப நீ எதுக்கு ஏறறேன்னு ஆறு வருஷமா கேக்கணும்னுதான் இருந்தேன். உன் பெருமையைப் பாத்தா கேக்க மனசு வரலே."

மாந்தோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். முழங்கால் ஒரு சத்தம் போட்டது. பொருட்படுத்தவில்லை.

"அடுத்த வருஷம் நானே ஏறறேன். பாத்துக்கிட்டே இரு."

"வேண்டாம் மாந்தோஸ்" என்றாள் எவாந்தியா, முதல் துண்டின் கடைசிக் கவளத்தை அவர் வாயில் வைத்து. "தோட்டத்துலேயே வெட்டிக்கோ. ஆனா கேட்டுட்டு வெட்டு."