அறுபத்து நான்கு வீடும் மாமாவின் பொய்ப் பெட்டியும்

லைட்ஹவுஸ் குப்பம்,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய தாய்மாமன் அங்கமுத்து அவர்களுக்கு, அக்காள் மகள் காவியா வணங்கி எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவது முறை. அந்த வரியை நீங்களே நிரப்பிக்கொள்ளவும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதை வைத்து ஒரு வருடம் கிண்டல் ஓட்டுவீர்கள், ஆகவே கடிதம்.

நைனாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்தால் குரலும் போய்விடும் என்று டாக்டர் சொன்னபோது மிச்சமிருந்தது நான்கு நாள். நாளை ஏரியில் வலை போடும் முறை, அதாவது பாடு, எந்த வீட்டுக்கு என்று பதினெட்டு வருடம் ஊர் மைக்கில் கூப்பிட்ட குரல். அறுபத்து நான்கு வீட்டுப் பெயரையும் பதிந்து வைத்துவிடலாம் என்று நீங்கள் வாங்கித் தந்த யுஎஸ்பி சவுண்டு பெட்டியைச் செருகினேன். லேப்டாப் உறைந்தது. பாடு சொல்லும் குரலைப் பதிக்க நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். செருகியதும் பெட்டி தன் ஜாதகத்தை ஒப்பிக்கிறது. அதற்கு டிஸ்கிரிப்டர் என்று பெயர். ஒவ்வொரு வரியும் தன் நீளத்தைச் சொல்லித்தான் தொடங்கும். உங்கள் பெட்டி ஒன்பது பைட் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு என்றது. லேப்டாப்பில் அதைப் படிக்கும் டிரைவர் என்ற மென்பொருள் அப்பாவி, நம்பி, இல்லாத மூன்றைத் தேடிப் போய் விழுந்தது. நைனாவிடம் சொன்னேன்.

"ஒம்போது குடுத்துட்டு பன்னெண்டுன்னு சொல்லுதா? யாரு வாங்கியாந்தது?"

"உன் மச்சான்."

"அப்ப பொட்டி மேல தப்பில்ல."

சிரித்தார், இருமினார், ரத்தத்தைத் துடைத்தார். மூன்றாம் நாள் டிரைவரின் நிரலில் இரண்டு வரி சேர்த்தேன்: சொன்னதை நம்பாதே, வந்தவரைக்கும் படி. பெட்டி வழிக்கு வந்தது. நைனா மூச்சு வாங்கி வாங்கிப் பெயர்களைச் சொல்லி முடித்தார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு எண்ணினால் அறுபத்து மூன்று. கூப்பிடறவன் தன் வூட்டக் கூப்பிடக் கூடாது, மச்சான்தான் கூப்பிடணும். அதுக்குன்னே நீ மீஞ்சூர்லேர்ந்து பஸ் ஏறி வந்து, பால்ராஜ் வூட்டுப் பாடுன்னு நைனா பேரச் சொல்லிக் கூப்பிடுவியே. பழக்கத்துல நம்ம வூட்ட வுட்டுட்டாரு, எனக்கும் தோணல. வர்ற வெள்ளிக்கிழமை நம்ம பாடு. கூப்பிடாம வலைய எடுக்க மாட்டேன்னு சிலேட்டுல எழுதிக் காட்றாரு. நீ ஆஸ்பத்திரிக்கும் வரல. அவரு பேசாம இருக்கறதப் பாக்க பயமா இருக்குன்னு அம்மாகிட்ட சொன்னியாமே. எங்களுக்கு மட்டும் இன்னா தைரியமா? வந்துடு மாமா.

அத்தைக்கு வணக்கம். குட்டி ஜமுனாவுக்கு என் பேரால் ஒரு கிள்ளு.

இப்படிக்கு,
உங்கள் வால்,
காவியா

பி.கு.: வர வேண்டாம். உறையை ஒட்டுமுன் பதிவை இன்னொரு தடவை போட்டேன். அறுபத்து மூன்றாவது பெயரோடு முடிந்தது என்று நம்பிக் கேட்பதை நிறுத்தியிருந்தேன். வந்தவரைக்கும் கேட்கவில்லை, நானும் அந்த டிரைவர்தான். பதிவன்று நான் அவருக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் பெட்டி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஓர் இருமல். பிறகு உன் கரகரக் குரலை அப்படியே மிமிக்ரி பண்ணி, நைனா: "நாளைக்கு பால்ராஜ் வூட்டுப் பாடு."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சிலேட்டில் எழுதினார்: "மச்சான் வந்துட்டா தேவப்படாதுன்னு."